தீவு என்று தெரியாத தீவு

மைசூரிலிருந்து அரை மணி நேரப் பயணம். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வருகிறவர்கள் கோயிலைப் பார்க்கிறார்கள், கல்லறையைப் பார்க்கிறார்கள். ஆற்றை மட்டும் பார்ப்பதில்லை.

பொழுது விடியும் முன்பே ஸ்ரீரங்கப்பட்டணம் ரங்கநாதர் கோயில் வாசலில் தமிழ்நாட்டு எண் தாங்கிய வேன்கள் வந்து நிற்கின்றன. ஒரே பகலில் மூன்று அரங்கங்களையும் சேவித்துவிட்டால் விசேஷப் பலன் என்பது நம்பிக்கை. காலையில் இங்கே ஆதிரங்கம், அடுத்து சிவனசமுத்திரத்தில் மத்தியரங்கம், இருட்டுவதற்குள் திருச்சி பக்கத்து ஸ்ரீரங்கம். இடையே முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் சாலை. ஆகவே ஆதிரங்கத்துக்குக் கிடைப்பது அரை மணி நேரம். தரிசனம், தீர்த்தம், வாசலில் ஒரு காபி. டிரைவர் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிடுவார். ஒரு தீவுக்குள் வந்து தீவை விட்டு வெளியேறினோம் என்பது வேனில் இருக்கும் பாதிப் பேருக்குத் தெரியாது.

தமிழர்கள் இதைத் தெரியாமல் இருப்பதுதான் வேடிக்கை. அரங்கம் என்ற சொல்லுக்கு ஆற்றிடைக்குறை, அதாவது ஆறு இரண்டாகப் பிரிந்து கூடுவதற்கு இடைப்பட்ட நிலம், என்றே அகராதியில் பொருள் இருக்கிறது. துருத்தி என்றும் அதைச் சொல்வதுண்டு. திருச்சி அரங்கத்தைச் சொல்லும்போது சிலப்பதிகாரம் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. பேச்சு வழக்கில் திட்டு. காவிரி எங்கெல்லாம் இரண்டு கை விரித்து நிலத்தை அணைத்துக்கொள்கிறதோ அங்கெல்லாம் பெருமாளைப் படுக்க வைத்துவிட்டார்கள் நம் முன்னோர். மூன்று அரங்கமும் மூன்று தீவுகள். பெயரிலேயே இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை.

ஸ்ரீரங்கப்பட்டணம் கிழமேலாக ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நீளம், அகலம் ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். மேற்குக் கோடியில் கோட்டை, கிழக்குக் கோடியில் ஆறு மறுபடி கூடும் சங்கமம், நடுவே கஞ்சாம் என்ற பேட்டை. பெங்களூர்-மைசூர் பழைய நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் இதன் குறுக்கேதான் போகின்றன. பாலத்தில் பஸ் ஏறி இறங்கும்போது ஜன்னலோரம் இருப்பவர் காவிரி என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். 2023 மார்ச்சில் திறந்த விரைவுச் சாலை அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டது. அது ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறது. பெங்களூரில் காரில் ஏறுகிறவர் தீவின் பெயரைப் பச்சைப் பலகையில் பார்ப்பதோடு சரி.

முழு நாள் ஒதுக்கக்கூடியவர்கள் மைசூர் டவுன் பஸ்ஸிலோ பாசஞ்சர் ரயிலிலோ வந்து, ஒரு சைக்கிளோ ஆட்டோவோ பிடித்துக்கொண்டு மேற்கிலிருந்து கிழக்காக, ஆறு போகும் திசையிலேயே போவது உத்தமம். கைடுகள் வேறு வரிசை வைத்திருப்பார்கள். அது அவர்களுடைய சாப்பாட்டு நேரத்தை அனுசரித்தது.

மேற்குக் கோட்டைச் சுவரின் மேல் ஏறினால் கீழே காவிரி. அருகில் ஒரு நினைவுத் தூண், 1907-ல் மைசூர் அரசு வைத்தது. 1799 மே 4 அன்று ஆங்கிலேயப் படை கோட்டையை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்த இடம் இது. எதற்காக மே மாதம் என்ற கேள்வியை இங்கே நின்று ஆற்றைப் பார்த்தபடி கேட்டுக்கொள்ள வேண்டும். கோடையில் ஆறு பாறையும் ஆழமில்லாத நீருமாகக் கிடக்கிறது. குடகில் மழை பிடித்தால் ஜூனில் இதே இடத்தில் எந்தப் படையும் இறங்க முடியாது. திப்புவின் கணக்கும் அதுதான்: இன்னும் சில வாரம் தாக்குப்பிடித்தால் காவிரி காப்பாற்றிவிடும். ஒரு தடவை காப்பாற்றியும் இருக்கிறது. 1791 மே மாதம் கார்ன்வாலிஸ் இதே கோட்டையின் கண்ணெதிரே வரை வந்துவிட்டு, உணவும் இல்லாமல் மழையும் பிடித்துக்கொள்ள, கொண்டுவந்த கனரக பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். எட்டு ஆண்டு கழித்து வந்த ஜெனரல் ஹாரிஸ் அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டு வந்திருந்தார். வெயில் உச்சியில் இருந்த மத்தியான வேளையில் படை ஆற்றில் இறங்கியது. அன்று மாலைக்குள் எல்லாம் முடிந்தது. திப்புவின் உடல் கண்டெடுக்கப்பட்ட இடத்தில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு ஏமாற்றம் தரும் அளவுக்குச் சின்னக் கல்.

ஆற்றைக் கடந்த படையை நடத்தியவர் டேவிட் பேர்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அவருக்கு இந்தத் தீவு புதிதல்ல. 1780-ல் கைதியாகப் பிடிபட்டு, 1784 வரை காலில் விலங்கோடு இதே ஊரில் கிடந்தவர். மகன் இன்னொரு கைதியோடு சேர்த்து விலங்கிடப்பட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்ட அவருடைய தாயார், "என் பையனோடு கட்டப்பட்டவன் பாவம்" என்கிற தொனியில் ஏதோ சொன்னதாக ஒரு கதை உண்டு. பெற்றவளுக்குத் தெரியாதா! வென்ற ஊரின் பொறுப்பு தனக்குத்தான் என்று பேர்ட் நினைத்திருந்தார். அது கவர்னர் ஜெனரலின் தம்பி ஆர்தர் வெல்லெஸ்லிக்குப் போயிற்று. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெல்லிங்டன் பிரபு இவர்தான். அண்ணன் பெரிய இடத்தில் இருந்தால் தம்பிக்கு நடப்பது எல்லாக் காலத்திலும் நடந்திருக்கிறது.

கைதிகளை அடைத்ததாகச் சொல்லப்படும் பாதாளச் சிறை கோட்டையின் வடக்குப் பக்கம் இருக்கிறது. கழுத்தளவு தண்ணீரில் கைகளைக் கல்லோடு பிணைத்து நிறுத்தினார்கள் என்று கைடுகள் கையை விரித்துக் காட்டுவார்கள். நடுவில் கிடக்கும் பீரங்கி முற்றுகையின்போது கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது என்பார்கள். செங்கல் வளைவுகளுக்கு அடியில் மே மாதத்திலும் சில்லென்று இருக்கும். சிறைக்கு பெய்லி என்ற கர்னலின் பெயர். பெய்லி யார் என்று தெரிந்துகொள்ள, கோட்டையை விட்டு வெளியே வந்து தரியா தௌலத் போக வேண்டும். தமிழர்கள் அரை மணி நேரமாவது உட்கார வேண்டிய இடம் அது.

திப்பு 1784-ல் கட்டி முடித்த கோடை மாளிகை. தேக்கு மரத் தூண்கள், சுவரெங்கும் பூவேலை. மேற்குப் புறச் சுவர் முழுவதும் ஒரு யுத்தம். நடந்த இடம் மைசூர் நாடல்ல. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் புள்ளலூர். 1780 செப்டம்பர் 10. கர்னல் வில்லியம் பெய்லியின் படையை ஐதர் அலியும் திப்புவும் வளைத்துக்கொண்டார்கள். நடுவில் ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. சுவரில் அந்த வெடிப்பும் இருக்கிறது. சதுரமாக அணிவகுத்து நிற்கும் சிவப்புச் சட்டைச் சிப்பாய்களுக்கு மத்தியில், பல்லக்கில் காயத்தோடு பெய்லி. சுற்றிலும் குதிரைகள், பாதியில் அறுந்த தலைகள். திப்புவோ பூ முகர்கிறவர் போன்ற நிதானத்தோடு யானை மேலும் குதிரை மேலும் போகிறவர்களுக்கு நடுவே வருகிறார். பெய்லி இந்த ஊர்ச் சிறையிலேயே 1782-ல் இறந்தார். லக்னோவில் ரெசிடென்டாக இருந்த மருமகன் 1816-ல் எழுப்பிய நினைவு மண்டபம் கும்பஸ் அருகே நிற்கிறது.

இந்தச் சுவருக்கு இன்னொரு பக்கம் உண்டு, அதை வரையவில்லை. அந்த ஆண்டுப் படையெடுப்பில் வட தமிழ்நாட்டுக் கிராமங்கள் காலியாகிப் போயின. வயல்கள் எரிந்தன, சனங்கள் மலைக்கும் கடற்கரைக்கும் ஓடினார்கள். அந்தக் காலத்தைக் குறிக்கத் தமிழில் 'ஐதர் கலாபம்' என்று ஒரு சொல் உண்டு. ஒரு நாட்டின் கலாபம் இன்னொரு நாட்டின் மாளிகைச் சுவரில் வண்ணமாக இருக்கிறது. வெல்லெஸ்லி கூட இந்த மாளிகையில் குடியிருந்தபோது, தன் இனத்தார் தோற்ற சித்திரத்தை அழித்துவிடச் சொல்லவில்லை, புதுப்பிக்கச் சொன்னார். மங்கிப் போனதை 1850-களில் மீண்டும் தீட்ட வைத்தவர் டல்ஹௌசி பிரபு. தோற்றவர்களே பணம் செலவு செய்து பாதுகாத்த தோல்விச் சித்திரம் உலகத்தில் அதிகம் இருக்க முடியாது. ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காமல் இருப்பது அதற்கு நாம் செய்யக்கூடிய மரியாதை.

1799 முற்றுகைப் படையில் பேர்ட் போலவே இன்னொரு ஸ்காட்லாந்துக்காரரும் இருந்தார். பொறியாளர் காலின் மெக்கன்சி. ஸ்காட்லாந்தின் வடமேற்கே அட்லாண்டிக்கில் கிடக்கும் லூயிஸ் தீவில், ஸ்டோர்னோவே என்ற துறைமுகச் சிற்றூரில் பிறந்தவர். இன்றைக்கும் அங்கே போகிறவர்கள் உல்லாபூல் என்ற ஊரில் கப்பலேறி, காற்றும் கரிமண்ணும் தவிர வேறெதுவும் அதிகமில்லாத அந்தத் தீவில், காலனிஷ் என்ற இடத்திலுள்ள ஐயாயிரம் ஆண்டு பழைய நெடுங்கற்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். பழைய கற்களுக்கு நடுவே பிறந்த மனிதருக்கு மைசூர் நாட்டுக் கற்கள் பிடித்துப் போனதில் ஆச்சரியம் இல்லை. கோட்டை விழுந்ததும் நாட்டை அளக்கும் வேலை அவரிடம் வந்தது. 1810 வரை அளந்தார். சங்கிலியோடு போனவர், போகிற ஊரிலெல்லாம் கல்வெட்டு, ஓலை, ஊர்க் கதை, கோயில் வரலாறு என்று கிடைத்ததையெல்லாம் படியெடுக்கச் செய்தார். வேலையைச் செய்தவர்கள் காவலி குடும்பத்து வெங்கட போரையா, லட்சுமையா சகோதரர்கள், மலையூரைச் சேர்ந்த சமணப் பண்டிதர் தர்மையா போன்றவர்கள். 1816-ல் தாமஸ் ஹிக்கி தீட்டிய மெக்கன்சியின் உருவப்படத்தில் அவரோடு இந்திய உதவியாளர்களும் நிற்கிறார்கள். ஒருவர் கையில் ஓலைச்சுவடி. படம் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 2017-ல் ஸ்டோர்னோவேயில் அவருடைய சேகரிப்பிலிருந்து ஒரு கண்காட்சியே நடந்தது. சேகரித்ததில் ஒரு பெரும் பகுதி, தமிழ் ஊர் வரலாறுகள் உட்பட, சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் கிடக்கிறது. தமிழ் ஆய்வு மாணவர்கள் மெக்கன்சி சுவடிகள் என்று சர்வசாதாரணமாகச் சொல்லும் பெயருக்குப் பின்னால் இருப்பது இந்தத் தீவில் நடந்த யுத்தம்.

கும்பஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் போகிறார்கள். ஐதர் அலிக்காகத் திப்பு கட்டியது, பளபளக்கும் கருங்கல் தூண்கள் முப்பத்தாறு, தந்தம் பதித்த கதவுகள் டல்ஹௌசி தந்தவை. தந்தை, தாய், மகன் மூவரும் உள்ளே. ரங்கநாதர் கோயிலுக்குத் திப்பு கொடுத்த வெள்ளிப் பாத்திரங்களையும் ஜும்மா மசூதியின் இரட்டை மினார்களையும் ஒரே மூச்சில் கைடு சொல்லிவிடுவார். இரண்டும் ஒரே கோட்டைக்குள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன.

யாரும் கூட்டிக்கொண்டு போகாத இடங்கள் வேறு. ரயில் நிலையத்தின் பக்கம் திப்புவின் வெடிமருந்துக் கிடங்கு ஒன்று இருக்கிறது. பாதி தரைக்குள் அமிழ்ந்த செங்கல், சுண்ணாம்புக் கட்டடம். அது இருப்பது கட்டிய இடத்தில் அல்ல. பெங்களூர்-மைசூர் ரயில் பாதையை இரட்டையாக்க அது குறுக்கே நின்றது. இடிக்கவும் மனமில்லை, பாதையைத் திருப்பவும் இடமில்லை. ஆண்டுக்கணக்கில் இழுத்த பிறகு, 2017-ல் அடியில் இரும்புச் சட்டம் கொடுத்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, ஆயிரம் டன்னை ஒட்டிய அந்தக் கட்டடத்தை நூறு மீட்டருக்கு மேல் அப்படியே நகர்த்தி வைத்தார்கள். ஒரு செங்கல்லும் உதிராமல் நகர்ந்ததைப் பற்றி அப்போது பத்திரிகைகள் எழுதின. இப்போது அங்கே ஆளைப் பார்ப்பது அரிது.

கஞ்சாமில் ஒரு சின்ன தேவாலயம். 1800-ஐ ஒட்டி அதைக் கட்டியவர் அபே துபுவா என்ற பிரெஞ்சுப் பாதிரியார். இந்து சமூகப் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய புத்தகத்தை இன்றும் திட்டிக்கொண்டே படிக்கிறார்கள். அம்மைப் பால் குத்தும் முறையை இந்தப் பக்கத்தில் பரப்பியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. கொஞ்சம் தள்ளி நதிக்கரையில் ஆங்கிலேயப் படையின் கல்லறைத் தோட்டம். பெயர்களில் பல ஆங்கிலமாக இல்லை. சுவிட்சர்லாந்தின் டி மியூரோன் என்ற கூலிப் படையினர். டச்சுக்காரர்களுக்காக இலங்கையில் காவல் இருந்து, 1795-ல் ஒப்பந்தத்தோடு பிரிட்டிஷார் பக்கம் மாறி, நான்கு ஆண்டு கழித்து இங்கே வந்து சண்டை போட்டவர்கள். பலரைக் கொன்றது குண்டல்ல, காய்ச்சல். தீவின் கொசுவுக்கு அஞ்சித்தான் படையின் தலைமையிடத்தையே 1809-ல் பெங்களூருக்கு மாற்றினார்கள். பெங்களூர் கன்டோன்மென்ட் பிறந்த கதை இதுதான். தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே குடியேறிய கதையும் அதிலிருந்தே தொடங்குகிறது.

கிழக்குக் கோடி சங்கமம். பிரிந்த இரு கிளைகளும் சத்தமில்லாமல் கூடும் இடம் அழகாக இருக்க வேண்டும். படியில் இறங்கினால் காலில் சிக்குவது ஈரத் துணி. அஸ்தி கரைக்க வருகிறவர்கள் உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள், கூடவே பிளாஸ்டிக் பை, உடைந்த மண்சட்டி, சாமி படம். மேற்கே பச்சிமவாகினி படித்துறையிலும் இதே நிலைமை. காந்தியின் அஸ்தி 1948-ல் கரைக்கப்பட்ட இடங்களில் அதுவும் ஒன்று. துணி போடாதீர்கள் என்று கன்னடத்தில் எழுதியிருக்கிறது. தமிழிலும் எழுதி வைப்பது நல்லது, போடுகிறவர்களில் நம்மவர்களும் உண்டு. பரிசலில் போகலாம், நடுவில் சுழற்றியும் காட்டுவார்கள். குளிப்பவர்கள் படியை விட்டு நகராமல் இருக்க வேண்டும். பாறைச் சுழிகள் ஆண்டுதோறும் ஆள் வாங்குகின்றன.

படியில் ஓடும் தண்ணீர் மேலே கண்ணம்பாடியிலிருந்து வருவது. 1911-ல் வேலை தொடங்கி முப்பதுகளின் தொடக்கத்தில் முடிந்த கிருஷ்ணராஜசாகர் அணை அங்கே இருக்கிறது. கார்ன்வாலிஸ் பீரங்கிகளை உடைத்ததும் அந்தக் கண்ணம்பாடிப் பக்கத்தில்தான். மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் 1924-ல் ஏற்பட்ட ஒப்பந்தம், நடுவர் மன்றம், 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு எல்லாமே அந்த மதகுகளைப் பற்றியவை. மதகு திறந்தால் மேட்டூருக்குப் போகும் நீர் முதலில் தொடும் பெரிய ஊர் இது. ஆகவே மழை பொய்த்த ஆண்டுகளில், 'ஆற்றில் தண்ணீர் போகிறது' என்று இங்கே யாராவது சொன்னால் அது சந்தோஷச் செய்தி ஆகாது. இரு கரையிலும் மண்டியா மாவட்டத்துக் கரும்பும் நெல்லும் காய்ந்துகொண்டிருக்க, நடுவில் ஆறு தமிழ்நாட்டுக்குப் போவதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். தஞ்சாவூரில் கடைமடைக்காரர் வெடித்த வயலைக் காட்டிக் கேட்கும் அதே கேள்வியை இங்கே படித்துறையில் உட்கார்ந்திருக்கும் விவசாயியும் கேட்கிறார், வேறு மொழியில். 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டு வண்டிகள் எரிந்தபோது, மூன்று அரங்க வேன்களும் வராமல் நின்றன. பிறகு மழை பெய்தது, வேன்கள் வந்தன.

மழை நன்றாகப் பெய்து அணை 124.80 அடியைத் தொட்டால் காட்சி மாறிவிடும். அப்போது பார்க்க வேண்டியது திவான் பூர்ணையா 1804-ல் கட்டிய வெல்லெஸ்லி பாலம். உருட்டாத கல் தூண்கள் மேல் கல் பாளங்களை அடுக்கிய பாலம். சுழித்து வரும் செம்மண் நீர் தூண்களை இடித்துக்கொண்டு போவதைப் பார்க்க உள்ளூர்க்காரர்களே குடும்பத்தோடு வந்து நிற்பார்கள். அந்த நாட்களில் ரங்கனதிட்டில் படகு கிடையாது. திட்டு என்பது நம் திட்டுதான். பதினேழாம் நூற்றாண்டில் மைசூர் அரசர் கண்டீரவ நரசராஜ உடையார் கட்டிய தடுப்பணையால் உண்டான சின்னச் சின்ன மேடுகள். சாலிம் அலியின் யோசனையால் 1940-ல் சரணாலயம் ஆயிற்று. 2022-ல் ராம்சார் பட்டியலில் ஏறியது. ஜனவரியிலிருந்து மே வரை போனால் சங்குவளை நாரையும் கரண்டிவாயனும் ஒரே மரத்தில் கூடு வைத்துச் சண்டை போடுவதைத் துடுப்புப் படகிலிருந்து பார்க்கலாம். பாறை மேல் வாயைத் திறந்தபடி கிடப்பது மரக்கட்டையல்ல, முதலை. படகோட்டி சொல்லும் வரை அது தெரியாது.

தீவு தீவாகத் தெரிய வேண்டுமென்றால் அதை விட்டு வெளியே வர வேண்டும். வடகிழக்கே ஆற்றைத் தாண்டி கரிகட்டா குன்று. உச்சியில் கறுப்புக் கல்லில் வெங்கடரமணர் கோயில். படியும் உண்டு, வண்டிப் பாதையும் உண்டு. மாலை ஐந்து மணி வாக்கில் ஏறி நின்றால் கீழே இரண்டு வெள்ளைக் கோடுகள் பிரிந்து போய் மறுபடி ஒன்றாவது தெரியும். நடுவில் தென்னையும் கரும்பும், அவற்றுக்கு மேலே ரங்கநாதர் கோபுரமும் மசூதியின் இரண்டு மினார்களும். அந்த நேரத்துக்கு, காலையில் கிளம்பிய வேன்கள் திருச்சியை நெருங்கிக்கொண்டிருக்கும். அவர்கள் விட்டுவிட்டுப் போன தண்ணீர் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது. ஸ்ரீரங்கம் போய்ச் சேர அதற்கு இன்னும் பல நாள் ஆகும்.